ஷட்ஜத்துக்கு மேலே ஒரு காந்தாரம்

பாகங்களைக் கிட்டாக வாங்கி நானே கட்டிய ஆம்ப்ளிஃபையர். சுவிட்சைப் போட்டதும் பாட்டு வந்தது. ஒலியைக் கூட்டக் கூட்ட, மிருதங்கத்தின் தொப்பி விழுந்த இடமெல்லாம் உடைந்து கரகரத்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பிளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் 25 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், 13-ஐத் தொடவில்லை. அப்பாவைக் கூப்பிட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள், "அங்க லைன்ல எத்தனை வோல்ட்டுப்பா?" என்றார்.

120. வட அமெரிக்கா வந்து நான்கு வருடம் ஆகிறது, எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் அப்பா அளவு சொல்லிச் சுற்றி வாங்கித் தந்தது. பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன். அதன்மேல் எழுதியிருந்த 230 என்ற எண் என் கண்ணில் படவேயில்லை. நம் வீட்டுச் சாமானைத் திருப்பிப் பார்த்தா எடுத்து வைப்போம்?

230-க்குச் சுற்றிய 18-0-18 அது, நடுக் கம்பியிலிருந்து இருபுறமும் 18 வோல்ட் தருவது. 120 கொடுத்தால் 18 வர வேண்டிய இடத்தில் 9 சொச்சம்தான் வரும். மின்னழுத்தம் பாதியானால் ஸ்பீக்கருக்குப் போகும் வாட் கால் பங்காகிவிடும். பாட்டைப் பெரிதாக்கும் சிப் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் சில வோல்ட்டையும் கழித்தால் அதுவும் மிஞ்சாது. "புகையலையே, அது போதும்" என்று அப்பா சிரித்தார். உண்மைதான். 120-க்குச் சுற்றியதை நம் ஊரில் மாட்டியிருந்தால் கதையே வேறு.

கிட் என்னவோ எளிமையானது. எல்எம்3886 சிப் இரண்டு, ஆளுக்குப் பதினோரு கால். அதைச் சுற்றிக் கொஞ்சம் ரெசிஸ்டர், கெபாசிட்டர். ஒரு வார இறுதியில் முடிந்திருக்கும். நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். ஈயம் உருகி ரோசின் புகை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிடும். சின்ன வயதில் அப்பாவுக்கு டார்ச் பிடித்தது நான்தான். ரெசிஸ்டரின் நிறங்களை வாசித்துச் சொன்னதும் நான்தான். பிரவுன், பிளாக், ரெட் என்றால் ஒரு கிலோ ஓம். பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்பே எனக்கு அது மனப்பாடம். "ஈயத்தைக் கம்பியில வைக்காதே, கம்பியைச் சூடாக்கு, ஈயம் தானா வரும்" என்பார். பற்றவைத்த இடம் மங்கலாக இருந்தால் உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி செய்யச் சொல்வார்.

புதிதாக ஒரு டொராய்டு, அதாவது வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். அதில் பிரைமரி, லைன் மின்சாரம் உள்ளே போகும் பக்கம், 115 வோல்ட்டாக இரண்டு சுற்று. இங்கே இரண்டையும் பேரலலாக இணைக்க வேண்டும். நம் ஊருக்குச் சீரிஸ். பேரலலில் ஒரு சுற்றின் முனைகளை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஷார்ட் போலத்தான். அதனால் முதலில் சீரிஸ் போர்டில் 60 வாட் குண்டு பல்பு போட்டுத்தான் சோதித்தேன். ஷார்ட் இருந்தால் பல்பு எரிந்துகொண்டே இருக்கும். பல்பு ஒரு நொடி பளிச்சிட்டு அணைந்தது. அந்த ஒரு நொடியில் கிடைக்கும் நிம்மதி, கிட் கட்டியவர்களுக்குத்தான் தெரியும். பிரைமரி ஒயர்களை மட்டும் நிரந்தரமாகப் பற்றவைக்காமல் ஸ்க்ரூ போட்ட டெர்மினலில் விட்டேன். இங்கேயே இருந்துவிடுவது என்று வீட்டில் பேசி முடிவெடுத்து ஆறு மாதம் ஆகிறது. ஆனாலும் ஸ்க்ரூ போட்டுத்தான் விட்டேன்.

இனி ஒரு குறையும் இல்லை என்று நினைத்தபோதுதான் அந்த ஹம்.

போட்டுப் பார்த்தது அப்பாவின் கேசட்டிலிருந்து மாற்றி எடுத்துவந்த பழைய கச்சேரி. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மெல்லிய ரீங்காரம். அதுவும் ஒன்றல்ல, இரண்டு. கச்சேரியை நிறுத்தினால் ஒன்று போய்விட்டது, மற்றது நின்றது. பாட்டு கற்கும் என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்டதை அப்படியே வாயால் பிடித்துப் பாடினாள். கீழே இருந்ததை "ஸா" என்றாள். மேலே இருந்ததை "கா" என்றாள்.

கணக்குப் போட்டேன். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. முழு அலையையும் நேராக்கும் பிரிட்ஜ் வழியாகப் போகும்போது கெபாசிட்டர் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நிரம்பும். அதனால் அங்கே ஹம் 100 ஹெர்ட்ஸ். இங்கே 60 சுற்று, ஆகவே 120. ஐந்துக்கு ஆறு. ஸா என்ற ஷட்ஜத்துக்கு, 'சாதாரண காந்தாரம்' என்று பெயர் கொண்ட கா நிற்கும் விகிதம் அதுதான்! கேசட் ஓடிய வேகம் கொஞ்சம் முன்பின் இருந்திருக்கும். ஆனாலும் குழந்தையின் காது பிடித்துவிட்டது. கீழே கேட்டது, என்றோ ஒருநாள் கச்சேரியோடு சேர்ந்து நாடாவில் பதிந்த எங்கள் வீட்டு ஹம். மேலே கேட்டது இந்த வீட்டினுடையது. அன்றிரவு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. அந்த இடைவெளியையே திரும்பத் திரும்பப் போட்டேன்.

மேலே நின்றதைச் சரிசெய்தாக வேண்டும். பெரிய கெபாசிட்டர்களை நிரப்பும் மின்னோட்டம் துடித்துத் துடித்து ஓடும் பாதையின் நடுவில், பாட்டு உள்ளே வரும் இன்புட்டின் கிரவுண்டை, அதாவது அதன் பூஜ்ய வோல்ட் ஒயரைச் சேர்த்திருந்தேன். அந்தத் துடிப்பு ஒயரில் உண்டாக்கும் சிறு வோல்ட்டையும் சிப் பாட்டென்று எண்ணி இருபது மடங்குக்கு மேல் பெரிதாக்கித் தருகிறது. கெபாசிட்டர்கள் தாண்டி ஒரே புள்ளியில் எல்லாக் கிரவுண்டையும் கொண்டுவந்து சேர்த்தேன். பெட்டியின் உலோகத்துக்குப் போகும் எர்த் ஒயரை மட்டும் தொடவில்லை. ஹம்முக்குப் பயந்து எர்த்தைக் கழற்றுபவர்கள் உண்டு. உயிரோடு விளையாடும் வேலை அது.

இப்போது ஸ்பீக்கரில் காதை ஒட்டினாலும் ஒன்றுமில்லை. கச்சேரியைப் போட்டால் இடைவெளியில் அந்த ஷட்ஜம் மட்டும் தனியாக வருகிறது. கணினியில் 100 ஹெர்ட்ஸை வெட்டிவிடலாம், ஐந்து நிமிட வேலை. வெட்ட மாட்டேன். அப்பாவின் பாட்டுப் பெட்டி அணைக்கும்வரை அப்படித்தான் முனகிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து அவருக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு பாட்டு முழுக்கப் பேசாமல் கேட்டார். "ஹம் இருக்கா?" என்றார். "நம்ம வீட்டுது மட்டும் இருக்குப்பா" என்றேன். சிறிது நேரம் சத்தமில்லை.

நேரமாகிவிட்டதால் பாட்டின் நடுவிலேயே சுவிட்சை அணைத்தேன். கெபாசிட்டரில் மிஞ்சியிருந்ததை வைத்துக் குரல் இன்னும் சில நொடி பாடியது. பிறகு மெலிந்து, கரகரத்து, அடங்கியது.

"என்னப்பா, கரண்ட் போச்சா?" என்றார் அப்பா.