ஜி.எச்-இல் துணைக்கு இருக்கப் போகிறவர்களுக்கு

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். "அங்கே டாக்டர் யாரையாவது தெரியுமா?" தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள். இல்லாவிட்டால், அந்தக் காப்பீட்டில் சேர ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். ஒரிஜினலோடு நாலைந்து ஜெராக்ஸ். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வந்துவிட்டு, ஒரே ஒரு தாளுக்காக ராத்திரி பஸ் பிடித்து விழுப்புரம் போய்த் திரும்பிய அண்ணன் ஒருவரை எனக்குத் தெரியும். நோயாளியை விட அவர்தான் வாடிப்போயிருந்தார்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். வளாகத்திலேயே அம்மா உணவகம் உண்டு. 2013-இல் வைத்த விலை, இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. சில்லறையோடு போங்கள்.

கையோடு கொண்டு வர வேண்டியவை: பாய், போர்வை, பிளாஸ்க், வாளி, மக், நீளமான ஒயர் உள்ள சார்ஜர். உள்ளே போகத் தரும் பாஸைச் சட்டைப் பையிலேயே வையுங்கள், துணிப்பையில் போட்டால் தேடவே நேரம் போகும்.

108 எல்லாருக்கும் தெரியும். மருத்துவ ஆலோசனைக்கு 104. பிரசவித்த தாயையும் குழந்தையையும் இலவசமாக வீட்டில் விட 102. சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் தெரிந்திருக்கட்டும்: இலவச அமரர் ஊர்திக்கு 155377. அந்த நேரத்தில் வெளியே நிற்கும் தனியார் வண்டியிடம் பேரம் பேசத் தெம்பு இருக்காது.