நர்சிங் கணக்கு: ஃப்ரீமான்ட் நாட்குறிப்பு

2025 செப்டம்பர் 6, சனி

ஒரு பாட யூனிட்டுக்கு 46 டாலர். கலிபோர்னியாவாசிகளிடம் கம்யூனிட்டி காலேஜ், அதாவது அரசின் இரண்டு வருடக் கல்லூரி, வாங்குவது அவ்வளவுதான். ஏ.டி.என். என்கிற இரண்டு வருட நர்சிங் படிப்பு, அதற்கு முன் முடிக்க வேண்டிய அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் சேர்த்து எண்பது யூனிட் என்று வைத்தாலும் 3,680 டாலர். போன வாரம் போனில் பேசிய தனியார் கல்லூரி ஆலோசகர் லட்சம் டாலருக்கு மேல் சொல்லிவிட்டு, "முதலீடாப் பாருங்க" என்றார். முதலீடு செய்கிற அளவுக்குப் பணம் இருந்தால் நான் ஏன் நர்சிங் படிக்கப் போகிறேன்?

புத்தகம், யூனிஃபார்ம், ஸ்டெதாஸ்கோப், தடுப்பூசிகள், சி.பி.ஆர். அட்டை, போலீஸ் சரிபார்ப்பு, டீஸ் நுழைவுத் தேர்வு இதெல்லாம் தனி. கடைசியில் மாநில நர்சிங் வாரியத்துக்கு 300, நர்ஸ் லைசென்ஸுக்கான என்க்லெக்ஸ் தேர்வுக்கு 200. எல்லாம் சேர்ந்தாலும் பழைய கார் ஒன்றின் விலைக்குள் அடங்கிவிடும்.

மத்திய அரசின் கல்வி உதவித்தொகையான பெல் கிராண்ட் கேட்டுப் பார்க்கலாம் என்றிருந்தேன். கிரீன் கார்டு இருப்பதால் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் உள்ளவர்களுக்குக் கிடையாது, அது வெளிநாட்டுப் பட்டமாக இருந்தாலும். கோயம்புத்தூரில் வாங்கிய பி.எஸ்சி. இங்கே ஒரு வேலைக்கும் உதவவில்லை. உதவித்தொகையைத் தடுக்க மட்டும் சரியாக உதவுகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "மாப்ளைக்கு வேலைல ஏதும் பிரச்சனையா கண்ணு?" என்றாள். பிரச்சனை இல்லை, ஆனால் அவர் ஆபீசில் ஆட்குறைப்புப் பேச்சு இல்லாத மாதமும் இல்லை. ஒரு சம்பளமும் அதோடு ஒட்டிய மருத்துவக் காப்பீடும் ஒரே கம்பெனியில் தொங்குகிறதே என்ற பயத்தை அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

"படிச்ச புள்ள, போயி பெட்பேன் எடுக்கோணுமா?" என்றும் கேட்டாள். இங்கே நர்சுகள் வாங்கும் சம்பளத்தைச் சொன்னேன். இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள். அதற்குப் பிறகு பெட்பேன் பேச்சு வரவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

அந்தச் சம்பளத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன். மத்தியத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே கணக்குப்படி நாடு முழுவதும் ஆர்.என்., அதாவது லைசென்ஸ் பெற்ற பதிவு நர்சுகளின் இடைநிலைச் சம்பளம் வருடம் 93,600 டாலர். கலிபோர்னியாவில் சராசரியே 1,48,000-க்கு மேல். 2024-லிருந்து 2034-க்குள் வேலைகள் 5 சதவீதம் கூடும் என்கிறார்கள். பெரிய பாய்ச்சல் இல்லைதான், ஆனால் ஓய்வு பெறுகிறவர்கள் இடமும் காலியாகும். பொது வார்டில் ஒரு நர்சுக்கு 5 நோயாளிக்கு மேல் கூடாது என்று இந்த மாநிலத்தில் விதியே இருக்கிறது. அதனால் ஆளைக் குறைத்து ஓட்டுவது அவ்வளவு சுலபமில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

கட்டணம் குறைவு என்றால் கூட்டம் அங்கேதான் இருக்கும். கல்லூரியின் தகவல் கூட்டத்தில் அதை நேராகவே சொல்லிவிட்டார்கள். மதிப்பெண், டீஸ், பழைய அனுபவம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு வரிசைப்படுத்தும் கல்லூரிகள் உண்டு. குலுக்கல் போடும் கல்லூரிகளும் உண்டு. டீஸில் 62 வாங்கினால் தகுதி. ஆனால் புள்ளிக் கணக்கு உள்ள இடத்தில் 62-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

என் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜிதான். அது பழசாகிவிட்டதாம், மறுபடி எடுக்க வேண்டுமாம். பாக்டீரியா மாறிவிட்டதா என்று கேட்க வாய் வரை வந்தது. சிரித்துவிட்டு எழுதிக்கொண்டேன்.

ஆக "இரண்டு வருடப் படிப்பு" என்பது, இடம் கிடைத்த நாளிலிருந்து இரண்டு வருடம். முன்பாடங்களை ஒவ்வொன்றாக முடிக்க இரண்டு வருடம், இடத்துக்குக் காத்திருக்க எவ்வளவோ. கம்யூனிட்டி காலேஜின் உண்மையான கட்டணத்தை டாலரில் எழுதினால் பொய்க் கணக்குதான் வரும்.

அக்டோபர் 18, சனி

எதிர் வீட்டுச் சேச்சி கோட்டயத்தில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, என்க்லெக்ஸ் எழுதி வந்தவர். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த கண்ணோடு டீ போட்டுக் கொடுத்தார்.

"ஏ.டி.என். படிச்சாலும் லைசென்ஸ் ஒண்ணுதான் மோளே. தேர்வும் ஒண்ணுதான். ஆனா இங்க பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் நாலு வருஷ நர்சிங் டிகிரி, பி.எஸ்.என். கேப்பாங்க."

2010-இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்கிற அமெரிக்க மருத்துவ ஆலோசனை அமைப்பு, 2020-க்குள் நர்சுகளில் 80 சதவீதம் பேர் பி.எஸ்.என். முடித்திருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இங்கே அது வேலை விளம்பரங்களில் தெரிகிறது. நியூயார்க்கில் 2017 சட்டப்படி, புதிதாக ஆர்.என். ஆகிறவர்கள் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடித்தாக வேண்டும். கலிபோர்னியாவில் அப்படிச் சட்டம் இல்லை, வேலைச் சந்தை அதைச் செய்துகொள்கிறது. சில கம்யூனிட்டி காலேஜ்களே பி.எஸ்.என். கொடுத்துப் பார்க்கட்டும் என்ற மசோதாவுக்கு 2024-இல் ஆளுநர் நியூசம் ஒப்புதல் தரவில்லை. கையெழுத்துப் போட்டிருந்தால் என் கணக்கில் ஒரு செலவு குறைந்திருக்கும்.

ஏ.டி.என். படிக்கும்போதே கால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்.என். பாடங்களையும் சேர்த்து எடுக்கும் வழி சில இடங்களில் உண்டாம். இல்லையென்றால் முதல் வேலை முதியோர் பராமரிப்பு இல்லத்தில். அங்கே அனுபவம் சேர்த்துக்கொண்டு ஆன்லைனில் பி.எஸ்.என். "முதுகு பத்திரம்" என்றும் சொன்னார் சேச்சி. 12 மணி நேர ஷிப்ட், வாரம் மூன்று நாள்.

சின்னவனுக்கு நாலு வயது. கிளினிக்கல் என்கிற ஆஸ்பத்திரிப் பயிற்சி காலை ஏழுக்கு முன்னால் தொடங்கும், டே கேர் திறப்பதோ ஏழரைக்கு. பார்க்கிற அரை நாள் வேலையையும் அப்போது விட வேண்டும். கல்லூரி அச்சடித்துத் தரும் செலவுப் பட்டியலில் இவை எதுவும் இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

தமிழ்ச் சங்க வாட்ஸ்ஆப் குழுவில் ஒரே கலவரம்: "நர்சிங் இனி தொழிற்படிப்பு இல்லையாம்!" படித்துப் பார்த்தால், 2026 ஜூலையிலிருந்து முதுநிலை மாணவர்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் கடனுக்கு உச்சவரம்பு வருகிறது. அதில் அதிகத் தொகை வாங்கத் தகுதியான படிப்புகளின் உத்தேசப் பட்டியலில் நர்சிங் இல்லை. பின்னாளில் முதுநிலை படித்து, மருந்து எழுதித் தரும் நர்ஸ் பிராக்டிஷனர் ஆக நினைப்பவர்களை அது கடிக்கும். ஏ.டி.என்.னுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விளக்கமாக ஒரு பதிவு போட்டேன். யாரும் படிக்கவில்லை, அதே செய்தி இன்னும் மூன்று முறை வந்தது.

டிசம்பர் 6, சனி

அவரும் நானும் உட்கார்ந்து பேசினோம். தனியார் கல்லூரி வேண்டாம், அவ்வளவு கடனோடு தொடங்கினால் பிடிக்காத வேலையைக்கூட விட முடியாது. செமஸ்டருக்கு ஒரு முன்பாடம், மாலை வகுப்பாக. சின்னவன் முழு நேரப் பள்ளிக்குப் போன பிறகுதான் விண்ணப்பம், அதுவும் ஒரே கல்லூரியை நம்பி இல்லை. அதற்குள் அனாட்டமியில் ஏ வரவில்லையென்றால் இந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுவது என்றும் வைத்துக்கொண்டோம். நாலு யூனிட், 184 டாலர்தான் அந்தப் பரீட்சைக்கு விலை, மலிவு.

பதிவு செய்யப் போனால் வகுப்பு நிரம்பிவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் 11-ஆவது. முதல் நாள் நேரில் போய் நின்றால், வராதவர்கள் இடத்துக்குப் பேராசிரியர் வகுப்பில் சேர ஆட் கோட் கொடுப்பாராம். போய் நிற்க வேண்டியதுதான்.