சியாங் மாய் நாட்குறிப்பு: நீலப் புத்தகமும் மஞ்சள் புத்தகமும்

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்

தொண்ணூறு நாள் அறிக்கையை இன்று ஆன்லைனில் அனுப்பிவிட்டேன், கெடுவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. தாய்லாந்தில் எங்களைப் போல நீண்ட விசாவில் இருப்பவர்கள் தொடர்ந்து 90 நாள் நாட்டுக்குள் இருந்தால், இன்ன முகவரியில்தான் இருக்கிறோம் என்று குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். படிவத்தின் பெயர் டி.எம். 47. கெடுவுக்கு 15 நாள் முன்னாலிருந்து 7 நாள் பின்னால் வரை நேரம் தருகிறார்கள், அதையும் விட்டால் 2,000 பாத் அபராதம்.

நாளை மாக பூஜை, பௌத்தர்களின் திருநாள், அரசு விடுமுறை. சாயங்காலம் வீட்டுக்காரம்மாவோடு வாட்டுக்கு, அதாவது புத்தர் கோயிலுக்கு, போகிறோம். தெருவே அவரை 'பா' என்று கூப்பிடுகிறது, பெரியம்மா என்று அர்த்தம், நாங்களும் அப்படியே. மெழுகுவத்தி, ஊதுபத்தி, தாமரை மொட்டு மூன்றையும் கையில் பிடித்துக்கொண்டு மூன்று சுற்று வர வேண்டும். பிரகாரம் சுற்றிப் பழகிய கால்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

விசாவின் வருடாந்திர நீட்டிப்புக்கு வங்கியில் கடிதம் வாங்கினேன். ஐம்பது வயது தாண்டியவர் ஓய்வுக்காலத்தை இங்கே கழிக்க, தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாத் காட்டலாம் அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்டலாம். என் பென்ஷன் அந்த 65,000 பக்கமே வராது, அதனால் ஊரில் மனையை விற்ற பணத்தை இங்கே கொண்டுவந்து போட்டோம். ரூபாயில் இருபது லட்சத்துக்கு மேல். விண்ணப்பிக்கும் முன் இரண்டு மாதம், நீட்டிப்புக் கிடைத்தபின் மூன்று மாதம் அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. மற்ற மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. 2019இல் வந்த விதி இது.

இந்தத் தொகை இல்லாதவர்களுக்காகச் சில ஏஜெண்டுகள் கொஞ்ச நாளைக்குக் கணக்கில் பணம் போட்டுக் காட்டுகிறார்கள். இங்கே வர நினைக்கும் நண்பர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், அந்த வழி வேண்டாம். பொய்யில் வாங்கிய முத்திரை என்றைக்குப் பிடிபடுமோ என்ற பயத்தோடு அறுபது வயதுக்கு மேல் ஒரு ஊரில் குடியிருக்க முடியாது.

பிப்ரவரி 26, புதன்

காலையில் வங்கி திறந்ததும் 100 பாத் போட்டு, பாஸ்புக்கில் இன்றைய தேதியை அச்சடித்துக்கொண்டு குடிவரவு அலுவலகத்துக்குப் போனோம். டி.எம். 7 படிவம், 4க்கு 6 சென்டிமீட்டர் போட்டோ, வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம், ஒவ்வொரு நகலிலும் கையெழுத்து. மனைவி என்னைச் சார்ந்தவர் என்ற வகையில் விண்ணப்பிப்பதால் அவருக்குத் தனியாக 8 லட்சம் வேண்டாம், திருமணச் சான்றிதழ் போதும். எங்கள் கல்யாணம் 1986இல். பத்திரிகையும் ஆல்பமும் இருந்தன, பதிவு இல்லை. இந்த ஒரு காகிதத்துக்காக 2022இல் பதிவு அலுவலகத்தில் போய் நின்றோம். வயதில் மூத்த தம்பதிகள் யாராவது இதைப் படித்தால், முதலில் அதை முடித்துவிடுங்கள்.

இன்று தப்பு என்னுடையது. ஜனவரியில் பாஸ்போர்ட் புதுப்பித்தேன். ஆனால் வீட்டுக்காரர் தர வேண்டிய டி.எம். 30, அதாவது இந்த வெளிநாட்டவர் என் வீட்டில் தங்கியிருக்கிறார் என்ற அறிவிப்பு, பழைய பாஸ்போர்ட் எண்ணோடேயே இருந்தது. புது எண்ணில் கொண்டுவாருங்கள் என்று அங்கே இருந்த பெண் அதிகாரி பொறுமையாகவே சொன்னார். பாவுக்குப் போன் செய்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவருடைய நூடுல்ஸ் கடையில் கூட்டம் இருக்கும் நேரம். "அங்கேயே உட்காருங்கள்" என்று மட்டும் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் ஏப்ரனோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், கடையை மூடிவிட்டு.

பையிலிருந்து நீல அட்டை போட்ட வீட்டுப் பதிவுப் புத்தகத்தை எடுத்தார், 'தபியன் பான்'. அதில் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம். நகலெடுக்கும்போது அவர் கணவரின் பக்கம் திறந்தது. குறுக்கே சிவப்பு மையில் ஒரு சொல், 'தாய்'. தமிழ்க் காதுக்கு அது அம்மா. இங்கே அதற்கு இறந்தார் என்று பொருள். அவர் அந்தப் பக்கத்தை ஒரு நிமிடம் கையால் தடவிவிட்டுத் திருப்பினார். அப்புறம் எங்களுக்காக ஒவ்வொரு நகலிலும் 'உண்மை நகல்' என்று தாய்லாந்து எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றரை மணிக்கு இருவருக்கும் முத்திரை விழுந்தது. ஆளுக்கு 1,900 பாத். மறுநுழைவு அனுமதியும் சேர்த்து வாங்கிவிட்டேன், பல தடவைக்கு 3,800. அது இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் இத்தனை பாடுபட்டு வாங்கிய நீட்டிப்பு அங்கேயே செத்துவிடும்.

மார்ச் 15, சனி

வானம் முழுக்கப் புகை. வயல்களிலும் காடுகளிலும் வைக்கும் தீயால் வருஷா வருஷம் இந்த மாதங்களில் இப்படித்தான். ஜன்னலைத் திறக்க முடியவில்லை.

பின் சந்தில் இருந்த ஆங்கிலேயர் போன வாரம் இறந்துவிட்டார். பிரிட்டிஷ் அரசு பென்ஷன் இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு வருடந்தோறும் உயர்வதில்லை, வாங்க ஆரம்பித்த தொகையிலேயே நின்றுவிடுகிறது. அதைக் கொண்டே பல வருடம் ஓட்டினார். கூட இருந்த அம்மாளோடு திருமணப் பதிவு இல்லை, உயிலும் இல்லை. உடலை வாங்கத் தூதரகத்தின் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது. நீதிமன்றம் ஒரு சொத்து நிர்வாகியை நியமித்தால்தான் எடுக்க முடியும், அந்த அம்மாளுக்கு அதில் சட்டப்படி எந்த உரிமையும் இல்லை. கடைசி இரண்டு வருடம் அவரைக் குளிப்பாட்டியது அந்த அம்மாள்தான். இன்று ராத்திரி நானும் மனைவியும் உட்கார்ந்து எங்கள் உயிலுக்குக் குறிப்பு எழுத ஆரம்பித்தோம்.

மார்ச் 28, வெள்ளி

மத்தியானம் ஒன்றரைக்கு முன் நிலம் ஆடியது. மியான்மரில் 7.7 என்கிறார்கள். பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த ஓர் உயர்ந்த கட்டடமே விழுந்துவிட்டது. தெருவில் எல்லோரும் வெளியே வந்தபோது பா எங்கள் கதவைத்தான் முதலில் தட்டியிருக்கிறார். அப்புறம்தான் தன் பேரனைப் போய்ப் பார்த்தாராம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று தமிழ்ப் புத்தாண்டு. மனைவி வேப்பம்பூப் பச்சடி செய்தார். இங்கே சொங்கிரான் என்ற புத்தாண்டுத் திருவிழாவின் இரண்டாம் நாள், எல்லோரும் வாட்டுக்கு மணல் சுமந்தார்கள். வருஷம் முழுக்கக் காலோடு ஒட்டிப்போன மணலைத் திருப்பிக் கொடுக்கிறார்களாம்.

இன்று 'தம் ஹுவா', பெரியவர்களிடம் ஆசி வாங்கும் சடங்கு. தெருப் பிள்ளைகள் எங்களையும் பாயில் உட்காரவைத்து, வெள்ளிக் கிண்ணத்திலிருந்து எங்கள் கைகளில் நீர் வார்த்தார்கள். கிண்ணத்துக்குள் பூவோடு சுட்ட காய் ஏதோ மிதந்தது, ஒரு மணம். மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்: "என்னங்க, இது சீயக்காய்." ஆமாம், இங்கே 'சொம் போய்' என்கிறார்கள், அதே காய்தான். அவருடைய அம்மா வெள்ளிக்கிழமை தலைக்குத் தேய்த்துவிட்ட மணம். கண் கலங்கிவிட்டார். ஆசி சொல்ல எங்களுக்குத் தாய்லாந்து மொழியில் வார்த்தை போதவில்லை, நல்லா இருங்க என்று தமிழிலேயே சொன்னேன், பிள்ளைகள் கைகூப்பி வாங்கிக்கொண்டார்கள்.

மே 2, வெள்ளி

நேற்றிலிருந்து வெளிநாட்டவர் எல்லோரும் வருமுன் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். மகன் அடுத்த வாரம் வருகிறான். வருவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்பு, கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் எதிலும் போடாதே என்று எழுதியிருக்கிறேன்.

வெளிநாட்டவருக்கான மஞ்சள் அட்டை வீட்டுப் பதிவுப் புத்தகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். எப்படிக் கேட்பது என்று ஒரு வாரமாகத் தயங்கினேன், பா பாதியிலேயே தலையாட்டிவிட்டார், சாட்சிக்குத் தன் தங்கையையும் கூட்டிவருவாராம். புத்தகத்தில் எங்கள் பெற்றோர் பெயரும் தாய்லாந்து எழுத்தில் ஏற வேண்டும். சாயங்காலம் கடை மேசையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். என் மாமியார் பெயர் 'பொன்' என்று ஆரம்பிக்கும். மனைவி இரண்டு மூன்று தரம் சொல்லச் சொல்ல, பா இரண்டே எழுத்து எழுதிக் காட்டினார். எங்கள் மொழியில் இதை 'போன்' என்று வாசிப்போம், ஆசீர்வாதம் என்று அர்த்தம், இது இருக்கட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றார் மனைவி.

செவ்வாய்க்கிழமை நகராட்சிக்குப் போகிறோம். பா கடையை அன்றும் மூடுகிறார்.