சோற்றில் ஆர்சனிக்: வயல் தண்ணீரும் உலைத் தண்ணீரும்

கோதுமையைவிட நெல்லில் ஆர்சனிக் என்ற நச்சுப் பொருள் அதிகம் ஏறுகிறது. காரணம் வயலில் கட்டி நிற்கும் தண்ணீர். தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத மண்ணில் இரும்புத் துரு கரையும். துருவில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் சேர்ந்து கரையும். அப்போது உருவாகும் ஆர்சனிக், வேரின் கண்ணுக்கு, நெல் வழக்கமாக மண்ணிலிருந்து உறிஞ்சும் சிலிக்காவைப் போலத்தான் தெரியும். சிலிக்கா போகிற வழியிலேயே பயிருக்குள் போய்விடும். வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் போரோ எனும் கோடைக்கு முந்தைய வறண்ட பருவ நெல் பட்டத்துக்குப் பாய்ச்சும் குழாய்க்கிணற்று நீரிலேயே பல இடங்களில் ஆர்சனிக் இருப்பதால், அங்கே பாதிப்பு இரட்டிப்பு.

வயலில் செய்யக்கூடியது, நம் ஊரில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்கிறோமே, அதுதான்: வயலை இடையிடையே காயவிட்டால் மண்ணுக்குள் காற்று போகும். 30 செ.மீ. நீள பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, 15 செ.மீ. மண்ணுக்குள் இருக்கும்படி இறக்குங்கள். உள்ளே அடைத்த மண்ணை அள்ளிவிடுங்கள். இதை மறந்தால் குழாய் பொய்க்கணக்கு காட்டும். நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். பூக்கும் சமயத்தில் மட்டும், முன்னும் பின்னும் ஒரு வாரம், காயவிடாதீர்கள், பதர் விழும்.

ஆனால் மண்ணில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால் இதே முறை கெடுதல் செய்யும். காட்மியம் ஆர்சனிக்குக்கு நேர் எதிர்: தண்ணீர் நிற்கும்போது கந்தகத்தோடு சேர்ந்து மண்ணிலேயே அடங்கிக் கிடக்கும், காய்ந்தால் அவிழ்ந்து வேருக்குப் போகும். ஜப்பானின் டோயாமாவில் கமியோகா சுரங்கக் கழிவு ஜின்ஸு ஆற்றில் கலந்து, அந்த நீர் பாய்ந்த வயல் அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு மெலிந்து முறிந்தது. வலி தாங்காமல் அவர்கள் அலறியதே 'இதாய் இதாய்' (ஜப்பானிய மொழியில் 'வலிக்குதே, வலிக்குதே') என்று நோய்க்குப் பெயரானது. எனவே சுரங்கம், துத்தநாக ஆலை பக்கத்து நிலமென்றால், மண்ணைப் பரிசோதிக்காமல் வயலைக் காயவிடாதீர்கள். புளித்த, அதாவது அமிலத்தன்மை கூடிய, மண்ணில் காட்மியம் இன்னும் எளிதாக ஏறும். அங்கே சுண்ணாம்பு இடுவது உதவும்.

அடுக்களையில் குக்கர்தான் சிக்கல். ஊற்றிய தண்ணீர் முழுவதும் சோற்றிலேயே சுண்டிவிடுவதால், அரிசியில் இருந்த ஆர்சனிக் அப்படியே தங்கும். கஞ்சி வடித்தால் கணிசமாக வெளியேறும். ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2020-இல் சோதித்த முறை இது: ஒரு டம்ளர் அரிசிக்கு 4 டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அரிசியைப் போட்டு 5 நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். பிறகு 2 டம்ளர் புதுத் தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் மூடி வேகவைக்க வேண்டும். வெள்ளை அரிசியில் 73%, தவிடு நீக்காத தவிட்டு அரிசியில் 54% ஆர்சனிக் குறைந்தது. தவிட்டில்தான் ஆர்சனிக் அதிகம் சேர்கிறது. அதனால்தான் கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பும் தீட்டிய அரிசிக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், தவிட்டு அரிசிக்கு 0.35 என்று வேறுபடுகிறது.

உலைத் தண்ணீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தால் வடிப்பதை நம்ப முடியாது. அந்த நீரில் வேகும் அரிசி ஆர்சனிக்கை உறிஞ்சிக்கொள்ளும். கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். அப்படிப்பட்ட ஊர்களில் அரிசிக்கு முன்னால் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வடித்த கஞ்சியைக் குழந்தைக்கும் கொடுக்காதீர்கள், மாட்டுக்கும் ஊற்றாதீர்கள்.