எர்ரர் 14

மன்னார்குடியில் நேற்று ராத்திரி முழுக்க மழை. தூக்கம் வரவில்லை. லேப்டாப்பைத் திறந்து லினக்ஸ் சிஸ்டத்தின் மையமான கெர்னலைச் சீண்டிக்கொண்டிருந்தேன். சின்ன சி புரோகிராம்தான். வேண்டுமென்றே தப்பான ஆர்கியுமென்ட்டோடு சிஸ்டம் கால் போடுவது, அதாவது கெர்னலிடம் ஒரு வேலையைச் செய்யச் சொல்லிக் கேட்பது.

ஃபைலை மூடுகிற குளோஸுக்கு, ஃபைல் நம்பராக மைனஸ் 1 கொடுத்தேன். எர்ரர் 9. அப்படி எந்த ஃபைலும் திறந்திருக்கவில்லையே என்று அர்த்தம். அடுத்து, எதையும் சுட்டாத வெற்று முகவரியான நல் பாயின்டரைக் கொடுத்து, அங்கிருந்து 10 பைட் எடுத்து ஒரு பைப்பில் (புரோகிராம்களுக்கு இடையே டேட்டா போகிற குழாய்) எழுதச் சொன்னேன். எர்ரர் 14, அதாவது முகவரி சரியில்லை. அதே முகவரியை என் புரோகிராம் நேராகத் தொட்டிருந்தால் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் செத்திருக்கும். கெர்னலோ பதறாமல் ஒரு நம்பரைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறது.

அப்புறம்தான் வேடிக்கை. அதே நல் பாயின்டர், அதே 10 பைட், ஆனால் எதை எழுதினாலும் தூக்கி எறிந்துவிடுகிற டெவ் நல்லில் எழுது என்றேன். 10 பைட்டும் எழுதியாச்சு என்கிறது! யோசித்தால் சரிதான், எப்படியும் குப்பையில் போடப்போகிற மூட்டையை அது ஏன் பிரித்துப் பார்க்கணும்? என் டெஸ்ட்தான் 'ஃபெயில்' என்று சிவப்பில் கத்தியது. எர்ரர் 14 வந்தே தீரும் என்று எழுதி வைத்தது நான்.

"இன்னும் தூங்கலையாடா? விடிஞ்சதும் நாத்தங்கால்ல தண்ணி நிக்குதான்னு பாக்கணும்" என்று அம்மா எழுந்து வந்தாள். சரி, மண்வெட்டியை எங்கே வைத்தேன்?