பட்ஜெட் தாளில் எழுதாமல் விட்ட இரண்டு வரி

சோமாலி அகதி அம்மா ஒருவரின் பட்ஜெட் தாளில் இரண்டு செலவுகளை நான் எழுதவில்லை. ஏன் என்று யார் கேட்டாலும் இன்றும் என்னால் பதில் சொல்ல முடியும். விதி அப்படி என்பேன். அந்த அம்மாவின் நல்லதுக்குத்தான் என்றும் சொல்வேன். இரண்டும் பொய்யில்லை. மனசு ஏன் இன்னும் அங்கேயே போய் நிற்கிறது என்பதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

மினியாபொலிஸில் மேட்சிங் கிரான்ட் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம்: புதிதாக வந்த அகதிகளுக்கு வேலை தேடிக் கொடுத்து, சொந்தக் காலில் நிற்க உதவும் திட்டம் அது; அதில்தான் எனக்கு வேலை. அப்போது, அகதியாக வந்திறங்கிய குடும்பத்தை 31 நாளுக்குள் திட்டத்தில் சேர்க்க வேண்டும். கெடு 180 நாள். கவுன்ட்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், தரும் ரொக்க உதவியை வாங்கக் கூடாது. ஃபுட் ஸ்டாம்ப் என்ற உணவு உதவியும் மருத்துவ உதவியும் வாங்கிக்கொள்ளலாம். 120-ஆம் நாளும் 180-ஆம் நாளும் நாங்கள் ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: இந்தக் குடும்பம் சொந்தக் காலில் நிற்கிறதா? வரவு செலவைத் தாண்டினால் ஆம், தாண்டாவிட்டால் இல்லை. 1980-ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம் 'கூடிய சீக்கிரம்' பொருளாதாரத் தற்சார்பு வர வேண்டும் என்கிறது. அது எங்கள் மேஜைக்கு வந்து சேரும்போது ஒரு கட்டமும் ஒரு தேதியுமாக ஆகிவிடுகிறது.

இது 2016 டிசம்பரில் நடந்தது. அந்த அம்மா கென்யாவில் தடாப்பின் இஃபோ அகதி முகாமிலிருந்து ஜூலையில் வந்தவர். கணவர் இல்லை, நான்கு பிள்ளைகள். ப்ளூமிங்டனில் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலை வாங்கிக் கொடுத்திருந்தோம். சீடர்-ரிவர்சைடிலிருந்து ப்ளூ லைன் ரயிலில் போய்வருவார். கைக்கு வருவது மாதம் 1,420 டாலர். வாடகை 875. கரண்டும் போனும் 110. பஸ், ரயில் அட்டை 85. சோப்பு, டயபர், குளிருக்குத் துணிமணி 120. விமான டிக்கெட் கடன் 85. வந்து ஆறு மாதம் ஆனதும் அதைத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். நல்லவேளை, அதற்கு வட்டி கிடையாது. எல்லாம் போக மிச்சம் 145. தாள் சிரித்தது.

அப்புறம்தான் அவர் சொன்னார். இஃபோவில் இருக்கும் தங்கைக்கு மாதம் 150. ஹக்பத் சீட்டுக்கு 100.

எழுதினால் 105 டாலர் துண்டு விழும். "இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். எங்கள் எண்ணிக்கை குறையும் என்பதற்காக நான் தயங்கினேன் என்று நினைத்துவிட வேண்டாம். சரி, அதுவும் கொஞ்சம் இருந்தது. ஆனால் "இல்லை" என்று முடிந்தால் அவரைக் கவுன்ட்டிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அங்கே வேறு அலுவலர், வேறு படிவங்கள், வேலை தேடும் வகுப்பு எல்லாம் முதலிலிருந்து. கையில் இருக்கும் வேலையை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்க அவருக்கே விருப்பமில்லை. இதை அவர் வாயாலேயே சொன்னார்.

நான் பேனாவை மூடிவிட்டு, "இதெல்லாம் வேண்டாம் எட்டோ, எழுதினா கணக்கு உதைக்கும்" என்றேன். எங்கள் மொழிபெயர்ப்பாளர் ஒரு சோமாலிப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். அவள் அந்த அம்மாவை அத்தை முறை வைத்து எட்டோ என்பாள். கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

அந்த அம்மா தாளைத் தன் பக்கம் திருப்பி, எண்களை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு கேட்டார்: "எழுதலேன்னா அந்தப் பணம் என் கையிலயே இருக்குமா?"

மொழிபெயர்க்கும்போதே அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் தொடர்ந்தேன். "ஒரு ஆறு மாசம் ரெண்டையும் நிறுத்தி வைக்க முடியுமான்னு பாருங்களேன். முதல்ல நீங்க நிமிரணும். அப்புறம் இன்னும் கூடவே அனுப்பலாம்." இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், இன்றும் சொல்கிறேன். வாடகை இரண்டு மாதம் நின்றால் வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போவார். ஒருமுறை எவிக்‌ஷன் வழக்கு பதிவானால், வருடக்கணக்கில் வேறு எவரும் வீடு தர யோசிப்பார்கள். நான்கு பிள்ளைகளோடு மினசோட்டா ஜனவரியில் தெருவில் நிற்பதைப் பற்றி நான்தானே அவருக்குச் சொல்ல வேண்டும்?

அவர் வாதாடவில்லை. "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். போட்டார்.

ஹக்பத் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. சீட்டுதான். பத்துப் பெண்கள், ஆளுக்கு நூறு, மாதம் ஒருவர் கையில் ஆயிரம். நம்மூர் ஏலச்சீட்டு போலத் தள்ளி எடுப்பது, கழிவு என்று எதுவும் கிடையாது. வட்டியின் நிழல்கூடப் படாததால் மார்க்கத்துக்கும் இடைஞ்சல் இல்லை. யாருக்கு அவசரமோ அவருக்கு முதலில் என்று நடத்தும் அம்மா முடிவு செய்வார். ஒருவர் பாதியில் நின்றுபோனால் பணத்தைவிடப் பெயர் போவதுதான் பெரிய நஷ்டம். சோமாலிக் கடைகள் நிறைந்த கார்மல் மாலில் துணிக்கடை, நகைக்கடை வைத்திருக்கும் பெண்களைக் கேட்டால் முதல் சரக்கு வாங்கிய காசு இதில்தான் வந்தது என்பார்கள். வங்கிக் கடனுக்கு முந்தைய கடன் வரலாறு வேண்டும். அது இருந்தாலும் வட்டி குறுக்கே நிற்கும். என் அம்மா குலுக்கல் சீட்டில்தான் என் வளையலை எடுத்தார். இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டுதான் "நிறுத்துங்க" என்றேன்.

தெரிந்தவள் என்பதால்தான் சொன்னேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். சீட்டு முறிந்து அழுதவர்களையும் நான் பார்த்திருக்கிறேனே.

அந்தத் தாளில் வரவுப் பக்கமும் முழுசாக இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துக்குச் சம்பூஸ், அதாவது சமோசா, பொரித்துக் கொடுக்கிறார், சனி ஞாயிறு பக்கத்து வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார் என்று எனக்குக் காதில் விழுந்திருந்தது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. கேட்டிருந்தால் எழுத வேண்டும். எழுதினால் ஃபுட் ஸ்டாம்ப்பில் கை வைப்பார்கள். ஆக, செலவில் இரண்டு வரியும் வரவில் இரண்டு வரியும் தாளுக்கு வெளியே இருந்தன. அந்தக் குடும்பம் உண்மையில் அந்த நான்கு வரிகளில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் கையெழுத்து வாங்கியது மீதிக்கு.

தங்கை விஷயம்தான் சங்கடம். தடாப்பை மூடப்போவதாகக் கென்ய அரசு அந்த மே மாதமே அறிவித்திருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த அதே டிசம்பரில் உலக உணவுத் திட்டம் பணமில்லாமல் கென்ய முகாம்களின் ரேஷனைப் பாதியாக வெட்டியது. என் மேஜையில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரிந்திருக்கும். தங்கையிடமிருந்து தினமும் போன். எனக்குச் செய்தியாகத்தான் பிறகு தெரியவந்தது. தங்கையின் ரேஷன் அட்டை தனி என்பதால் அமெரிக்காவில் குடியமர்த்தும் கோப்பும் தனி. அவர் பின்னால் வருவார் என்றுதான் இங்கே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். 2017 ஜனவரி 27 அன்று, ஏழு நாட்டவர் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுக்கும் அதிபர் டிரம்பின் உத்தரவு வந்தது. சோமாலியாவும் அந்த ஏழு நாடுகளில் ஒன்று. 2016 நிதியாண்டில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சோமாலிகள் அகதிகளாக அமெரிக்கா வந்தார்கள். 2018-இல் முந்நூறு பேர்கூட வரவில்லை. ஆறு மாதம் பொறுங்கள் என்று நான் சொன்னது எந்த ஆறு மாதத்தை என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. ஆனால் அதை டிசம்பரில் நான் எப்படி அறிவேன்? தேர்தல் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, கொஞ்சம் ஊகித்திருக்கலாம்தான்.

அவர் எதையும் நிறுத்தவில்லை என்பது பிறகு தெரிந்தது. அதைக் கேட்டதும் முதலில் எனக்கு நிம்மதி. அடுத்த நிமிடமே கொஞ்சம் கோபம். 180-ஆம் நாள் "ஆம்" என்று டிக் அடித்தோம், கோப்பு முடிந்தது. வசந்தத்தில் முதுகு வலி தாங்காமல் ஹோட்டல் வேலையை விட்டுவிட்டார். அப்போது எந்தப் படிவமும் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. சீட்டுப் பணம் கைக்கு வந்தபோது கடை வைப்பார், இந்தக் கதையை நான் பயிற்சி வகுப்பில் சொல்லலாம் என்று மனசுக்குள் ஓர் ஆசை இருந்தது. பணம் முழுவதும் தங்கை மகனின் ஆபரேஷனுக்கு நைரோபி போய்விட்டது. வேலையில்லாத அந்த மாதங்களை எப்படி ஓட்டினார் என்று கேட்டேன். சீட்டில் இருந்த மற்ற பெண்கள் முறை வைத்து வீட்டுக்கு அரிசியும் இறைச்சியும் கொண்டுவந்தார்களாம். அது நல்ல செய்தியா, நான் பயந்த அதே செய்தியா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது முதியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார், சம்பளமும் முன்பைவிடப் பரவாயில்லை. அந்த வேலையையும் சீட்டுக்காரப் பெண் ஒருவர்தான் வாங்கிக் கொடுத்தார், எங்கள் அலுவலகம் இல்லை.

ஒருமுறை அவரே போன் செய்தார். இப்போது ஆங்கிலம் நன்றாக வருகிறது. புதுச் சீட்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம், சேர்கிறாயா என்று கேட்டார். எங்களிடம் வந்தவர்களோடு பணம் கொடுக்கல் வாங்கல் கூடாது என்பது அலுவலக விதி. அதைச் சொன்னேன். "எழுதாம சேரு" என்றார். இந்த முறை சிரித்தது அவர்.

அந்த மொழிபெயர்ப்பாளரோடு இதைப் பற்றிப் பிற்பாடு பேசியிருக்கிறேன். அவளுக்கும் அந்த நாளில் உறுத்தல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. "நீங்க நிறுத்தச் சொன்னது சரிதான் அக்கா. நானும் பத்தொன்பது வயசுலேருந்து மாசா மாசம் அனுப்பறேன். மாமாவுக்கு, பாட்டிக்கு, முகம் பார்த்திராத ஒருத்தருக்கு. காலேஜ் ஃபீஸ் கட்டாம அனுப்பியிருக்கேன். யாராவது அதிகாரமா உட்கார்ந்து, நிறுத்துன்னு என்கிட்ட ஒருதடவை சொல்லியிருந்தா எவ்வளவு நல்லாருந்திருக்கும்" என்றாள்.

அப்படியானால் அன்று ஏன் சிரித்தாய் என்று கேட்டேன்.

"எட்டோ கேட்டதுக்கு உங்ககிட்ட பதில் இருக்காதுன்னு தெரியும். அதான்" என்றாள்.