14,500 ரூபாய்க்கு வாங்கின தலையிடி: மன்னாருக்குப் போய்வந்த கதை

மன்னாருக்குப் போய்வந்து ஒரு கிழமை ஆகிறது. காதுக்குள் கேட்ட இரைச்சல் அடங்கிவிட்டது, கோபம் அடங்கவில்லை. எத்தனை மணிக்கு வெளிக்கிடலாம், எங்கே தங்கலாம் என்று ஒழுங்காக எழுதத்தான் இருந்தேன். ஆனால் காற்றை மறிக்க பைக்கில் பூட்டின அந்த ஸ்கிரீனைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு ஆறாது.

என்னுடையது பல்சர் 150. முன்னால் காற்றை மறிக்க ஒன்றுமில்லை. ஆடியில் தென்மேற்குக் காற்றான சோழகம் அடிக்கும்போது தூரப் பயணம் போனால், நெஞ்சில் ஒருவர் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். அதனால் வெளிக்கிட முதல்நாள் யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்குப் போனேன். "பெரிசா எடுங்கோ தம்பி, பெரிசெண்டால் காத்தே படாது" என்றார் கடைக்காரர். ஹாண்டிலில் கிளாம்ப் போட்டுப் பூட்டுகிற உயரமான ஸ்கிரீன். சீற்றில் இருந்து பார்த்தால் மேல்விளிம்பு என் நாடிக்கு நேரே வந்தது. 14,500 ரூபாய், ஒரு சதமும் குறைக்க மாட்டாராம். இரண்டு நாள் பயணத்துக்குச் சாப்பாடு, பெற்றோல், அறை எல்லாம் சேர்த்து நான் ஒதுக்கி வைத்திருந்ததே 15,000. உடம்பு களைக்காமல் போய்வரலாம் என்ற ஆசையில் கொடுத்துவிட்டேன்.

காலை ஆறு மணிக்கு நாவற்குழியில் திரும்பி, மன்னாருக்குப் போகிற ஏ32 றோட்டில் ஏறினேன். சங்குப்பிட்டிப் பாலம் வரைக்கும் சந்தோஷம்தான். பாலம் 288 மீற்றர் நீளம், 2011 இல் திறந்தது. அதற்கு முதல் 'பாதை' என்கிற மிதவையில் ஏற்றித்தான் கடலைக் கடக்க வேண்டும். பாலத்தின் நடுவில் வலப்பக்கத்தால் ஒரு வீச்சு வந்தது. ஹாண்டில் என் கையை மீறி இடப்பக்கம் இழுபட்டது. எதிரே லொறி வந்துகொண்டிருந்தது. லொறி மறித்த ஒரு கணம் காற்று இல்லை, அது கடந்ததும் இன்னும் பலமாக அறைந்தது. பாலம் இறங்கி ஓரமாக நிற்பாட்டினபோது கை நடுங்கியது.

நான் பூட்டியிருந்தது ஒரு பாய்மரம். அதை ஹாண்டிலில் கட்டிவிட்டால் காற்று நேராக ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பும். பைக்கின் சட்டத்தில் (பிரேமில்) பூட்டியிருந்தால் அந்தத் தள்ளல் முழு பைக்கிலும் போய்ச் சேரும், கைக்கு நேரே வராது. 1976 இல் பி.எம்.டபிள்யூ, ஆர்100ஆர்எஸ் என்ற பைக்குக்கு முழு முன்கவசம் செய்தபோது காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து, சட்டத்தில்தான் பூட்டினார்கள். இது எனக்கு முதலே தெரியும். தெரிந்துகொண்டும் கடைக்காரரின் பேச்சில் மயங்கினதுதான் இன்னும் எரிச்சல்.

பூநகரி தாண்டியதும் நேர் றோட்டு. அங்கே இரண்டாவது பிரச்சினை தொடங்கியது. நெஞ்சில் காற்றே இல்லை, அது உண்மை. ஆனால் ஹெல்மெற் இரண்டு பக்கமும் படபடவென்று ஆடியது. கண்முன்னால் றோட்டு இரண்டாகத் தெரிந்தது. வெள்ளாங்குளம் வருவதற்குள் தலையிடி. சீற்றிலிருந்து கொஞ்சம் எழும்பிப் பார்த்தேன்: ஆட்டம் உடனே நின்று, சீரான காற்று முகத்தில் பட்டது. குனிந்து பார்த்தேன்: அமைதி. நிமிர்ந்து சாதாரணமாக இருந்தால் மட்டும் அடி. ஒரு கையை விட்டு ஸ்கிரீனின் விளிம்புக்கு மேலே பிடித்தேன். விளிம்பை ஒட்டி விரல் குலுங்கியது, ஒரு சாண் மேலே காற்று தெளிவாக ஓடியது. ஸ்கிரீனில் ஏறி வருகிற காற்று விளிம்பில் உடைந்து சுழலும். பின்னால் காற்றழுத்தம் குறைவதால் அந்தச் சுழல் ஓட்டுகிறவரின் பக்கமாக உள்ளே இழுபடும். அந்த இடத்தில்தான் என் தலை இருந்தது. உயரம் கூடக் கூடப் பாதுகாப்பு என்ற கதை சுத்தப் பொய்.

இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு எல்லாம் எப்படிப் போனதென்று ஞாபகமில்லை. நெஞ்சில் காற்று படாததால் வெயிலில் சேர்ட் முழுக்க நனைந்து ஒட்டியது. வன்னி வெயிலுக்குள் காற்றை முழுக்க அடைத்தால் அடுப்புக்கு முன்னால் இருக்கிற மாதிரித்தான். காற்றை முழுக்க மறிக்கச் சொல்லிக் குளிர்நாட்டுக்காரர் கொடுக்கிற ஆலோசனையை நாங்கள் அப்படியே எடுக்கக்கூடாது.

மன்னாரில் என்னைக் காப்பாற்றியது சாப்பாடு. சின்னக் கடை, நாலு மேசை. குத்தரிசிச் சோறு, முருங்கையிலை வறை, நண்டுக் குழம்பு. நண்டின் பெரிய காலை உடைத்தபோது சதை முழுசாக வெளியில் வந்தது. குழம்பில் மிளகும் உள்ளியும் தூக்கலாக இருந்தன. இரண்டாம் தரம் சோறு கேட்டேன், அந்த அம்மா குழம்பையும் சேர்த்து ஊற்றிவிட்டார். 900 ரூபாய். அந்த ஸ்கிரீன் காசுக்குப் பதினாறு தரம் இப்படிச் சாப்பிட்டிருக்கலாம்.

பின்னேரம் ஒரு கராஜுக்குப் போனேன். அந்த அண்ணை ஸ்கிரீனை ஒருதரம் தடவிப் பார்த்தார். "தம்பி, இதுக்குக் கீழால காத்துப் போக வழியில்லை. வழி விட்டால்தான் மேல அடங்கும்" என்றார். பழைய ரியூப் ரப்பரை வட்டமாக வெட்டி, ஆணிகளுக்குப் பின்னால் அடுக்கி, லைற்றுக்கும் ஸ்கிரீனுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விட்டார். மேல்விளிம்பைப் பின்னுக்குச் சாய்த்தார். கழற்றும்போதுதான் ஒரு ஆணி ஓட்டையைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பைக் காட்டினார். கடையில் இறுக்கினவர்கள் ரப்பர் வைக்காமல் இறுக்கியிருக்கிறார்கள். கூலி 500 ரூபாய்.

அடுத்தநாள் தலைமன்னாருக்குப் போனேன். தென்கரையில் நிற்கிற முப்பது காற்றாலைகளும் சுற்றிக்கொண்டிருந்தன. சோழகம் அங்கே அப்படி அடிக்கும். ஹெல்மெற் ஆட்டம் பாதி குறைந்திருந்தது. அறை எடுத்த இடத்துக்குப் பக்கத்து பார்மசியில் 120 ரூபாய்க்கு வாங்கிய ஸ்பொஞ்ச் காதடைப்பு மிச்சத்தைச் சரிக்கட்டியது. கிலோமீற்றர்க் கணக்கில் ஓடுகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான். வேகமாக ஓடும்போது ஹெல்மெற்றுக்குள் கேட்கிற காற்றுச் சத்தமே நாளடைவில் கேட்கும் திறனைத் தின்றுவிடும்.

திரும்பி வரும்போது காற்று முதுகில். அப்போது எந்த ஸ்கிரீனும் அருமையாகத்தான் இருக்கும். கடைக்காரர் "ஓட்டிப் பாருங்கோ" என்றால் காற்று எந்தத் திசையில் என்று பார்த்து, அதற்கு எதிரே ஓட்டிப் பாருங்கள். 60 இல் ஓடும்போது எதிர்க்காற்று 30 என்றால் உங்கள் நெஞ்சுக்கு அது 90. காற்றின் தள்ளல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் அது இரண்டேகால் மடங்கு. சின்ன பைக்தானே, மெதுவாகத்தானே ஓடுகிறோம் என்று இருக்கேலாது. போகும்போது லீற்றருக்கு 38 தந்த பைக், வரும்போது 47 தந்தது.

வீட்டுக்கு வந்து மாஸ்கிங் ரேப் ஒட்டி, பல் நெருக்கமான இரும்பு வாளால் மேலே எட்டு சென்ரிமீற்றரை அறுத்தேன். மெதுவாக, அரை மணித்தியாலம். அறுத்த துண்டை வளைத்துப் பார்த்தேன், கண்ணாடி மாதிரிப் பட்டென்று உடைந்தது. "பொலிகார்பனேற், உடையாது" என்று விற்றது வெறும் அக்ரிலிக். பொலிகார்பனேற் என்றால் வளையும், அவ்வளவு லேசில் உடையாது. ஆனால் பெற்றோலும் அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற திரவமும் பட்டால் அது வெடிக்கும், சோப்புத் தண்ணியால்தான் கழுவ வேண்டும். அக்ரிலிக்கில் கீறல் குறைவு, ஆனால் விழுந்தால் கூரான துண்டுகள். கடைக்குப் போய்த் துண்டைக் காட்டினேன். "அறுத்த சாமானை எடுக்கேலாது" என்றார்கள். காசு போனது போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணைப் பாலத்தால் வெளிக்கிட்டு, வேலணை தாண்டி, புங்குடுதீவுத் தாம்போதியில் ஏறினேன். இரண்டு பக்கமும் கடல், சோழகம் நேரே முகத்துக்கு. விளிம்பு இப்போது நெஞ்சுக்கு நேரே. தோளிலும் ஹெல்மெற்றிலும் காற்று படுகிறது, ஆனால் சீராக. றோட்டு ஒன்றாகவே தெரிந்தது. பக்கக் காற்றுக்கு ஹாண்டில் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது, அதற்குச் சட்டத்தில் பூட்டுகிற பிராக்கெற் செய்து தர ஒரு வெல்டிங்காரரிடம் கேட்டிருக்கிறேன், 3,000 சொன்னார். குறிகட்டுவானில் இறங்கி ஹெல்மெற்றைக் கழற்றினபோது நெடுந்தீவுப் படகின் எஞ்சின் சத்தம் தெளிவாகக் கேட்டது.